வாயில்லா ஜீவனுக்கு எது நியாயம்?

கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் ராபின்சன் ஃபிளாட் என்றோர் இடம். டெவிஸ் கோப்பை என்ற குதிரைச் சவாரிப் போட்டிக்காக விடியற்காலையில் கிளம்பிய குதிரைகள் 36 மைல் போல மலைப்பாதையில் ஏறி இறங்கி இங்கே வந்து நிற்கும். ஒரு மணி நேரம் கட்டாய ஓய்வு. அதற்குள் கால்நடை மருத்துவரைத் தாண்டியாக வேண்டும்.

மருத்துவர் முதலில் நாடி பார்க்கிறார். பிறகு மேலுதட்டைத் தூக்கி, ஈறில் கட்டை விரலை அழுத்தி எடுக்கிறார். வெளுத்த இடம் எவ்வளவு சீக்கிரம் சிவக்கிறது என்பதை வைத்து ரத்த ஓட்டத்தை மதிப்பிடுகிறார். தோலைக் கிள்ளி விட்டு, அது மெல்லப் படிந்தால் உடம்பில் நீர் வற்றிவிட்டது என்று கணக்கு வைக்கிறார். விலாவிலும் வயிற்றிலும் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் குடல் சத்தம் கேட்கிறார். முதுகை அழுத்தி, கால்களைத் தடவி, சேணவார் உராய்ந்த இடங்களைப் பார்க்கிறார். கடைசியாகக் குதிரையைக் கையில் பிடித்து ஓட்டிக் காட்டச் சொல்கிறார். இந்தச் சவாரிகளில் ஒரு வழக்கம் உண்டு. நாடியை எண்ணிவிட்டு, 125 அடி ஓட்டிப் போய் அதே தூரம் திரும்பி வரச் சொல்வார்கள். ஓட ஆரம்பித்து ஒரு நிமிடம் ஆனதும் மறுபடி நாடி எண்ணுவார்கள். முதல் எண்ணிக்கையைவிட இரண்டாவது கூடியிருந்தால் உள்ளே ஏதோ சரியில்லை. கெர்ரி ரிட்ஜ்வே என்ற கால்நடை மருத்துவரின் பெயரோடு அறியப்படும் இந்தச் சோதனை, எளிமையானாலும் ஏமாற்றக் கடினமானது.

குதிரை பேசாது. எங்கே வலிக்கிறது, எப்போது முடியவில்லை என்று அது சொல்லாது. ஆகவே மருத்துவரின் விரலும் காதும் கண்ணும்தான் அதற்கு வாய். காட்டுப்பாதைக் குதிரைச் சவாரிப் போட்டிகளில் மருந்து விதிகளும் உபகரண விதிகளும் எழுதப்பட்டது இந்த வாயை யாரும் அடைத்துவிடக் கூடாது என்பதற்காக. அந்த விதிகள் அந்த வேலையை ஒழுங்காகச் செய்கின்றனவா, எல்லாருக்கும் ஒரே மாதிரி செய்கின்றனவா என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

இரண்டு வகைச் சவாரி

அமெரிக்காவில் இந்த விளையாட்டு இரண்டு கிளையாகப் பிரிந்து வளர்ந்தது. ஒன்று என்டியூரன்ஸ். யார் முதலில் வருகிறார் என்பது கணக்கு. 1955-ல் வெண்டல் ரோபி என்ற தொழிலதிபர் நண்பர்கள் சிலரோடு டாஹோ ஏரிப் பக்கமிருந்து ஆபர்ன் நகரம் வரை ஒரே நாளில் 100 மைல் கடந்து காட்டினார். அதுதான் இன்றைய டெவிஸ் கோப்பை. 24 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும்; 6 வயது நிரம்பாத குதிரைக்கு அனுமதி இல்லை. கிளம்புகிறவற்றில் பாதிக்குப் பக்கம் முடிக்காமல் நிற்பது அங்கே சாதாரணம். 1972-ல் உருவான அமெரிக்கன் என்டியூரன்ஸ் ரைடு கான்ஃபரன்ஸ், சுருக்கமாக ஏ.இ.ஆர்.சி., இந்தக் கிளைக்குத் தாய்ச் சங்கம். முடித்தாலே வெற்றி என்பது அவர்கள் கொள்கை.

மற்றொன்று காம்பெட்டிடிவ் டிரெயில். இது பழையது. வெர்மான்ட் மாநிலத்தில் 1936-லேயே 100 மைல் சவாரி தொடங்கியிருக்கிறது. 1961-ல் கலிஃபோர்னியாவில் பிறந்த நார்த் அமெரிக்கன் டிரெயில் ரைடு கான்ஃபரன்ஸ், அதாவது என்.ஏ.டி.ஆர்.சி., இந்தக் கிளையை நாடு முழுக்கப் பரப்பியது. இங்கே வேகத்துக்குப் பரிசு கிடையாது. குறித்த நேர வரம்புக்குள் வந்தால் போதும். சீக்கிரம் வந்தாலும் குற்றம், தாமதமாக வந்தாலும் குற்றம். கால்நடை மருத்துவர் ஒருவர் குதிரையின் உடல்நிலையை மதிப்பிடுவார். இன்னொரு நடுவர் சவாரி செய்பவரின் பக்குவத்தை மதிப்பிடுவார். சனிக்கிழமை ஓடிய குதிரை ஞாயிற்றுக்கிழமை காலையில் கால் வீக்கமில்லாமல், விறைப்பில்லாமல் எழுந்து நடக்கிறதா என்பதில்தான் பந்தயமே இருக்கிறது.

மருந்து விஷயத்தில் இந்த இரண்டாவது கிளை இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டியதாகிறது. ஓட்டப்பந்தயத்தில் வலி மாத்திரை கொடுத்தால் குதிரை ஒருவேளை இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடலாம். காம்பெட்டிடிவ் டிரெயிலில் வலி மாத்திரை கொடுத்தால் மதிப்பெண்ணே பொய்யாகிவிடும். நொண்டாத குதிரைக்குப் பரிசு தரும் போட்டியில் நொண்டலை மறைத்தால், விடைத்தாளையே மாற்றி வைத்ததாகிவிடுகிறது.

வலி மாத்திரையின் வரலாறு

ஃபினைல்பியூட்டசோன். குதிரைக்காரர்கள் வாயில் 'பியூட்'. வீக்கத்தையும் வலியையும் குறைக்கும் மலிவான மருந்து. ஏறக்குறைய எல்லாக் குதிரை லாயத்திலும் இருக்கும். 1968-ல் கென்டக்கி டெர்பி பந்தயத்தில் முதலில் வந்த டான்சர்ஸ் இமேஜ் என்ற குதிரை இந்த ஒரு மருந்துக்காகவே பட்டத்தை இழந்தது. அதற்கப்புறமும் சண்டை ஓயவில்லை. 2009 நவம்பரில் கோபன்ஹேகனில் கூடிய சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு, அதாவது எஃப்.இ.ஐ., பியூட் உள்ளிட்ட சில வலிநிவாரணிகளைக் குறைந்த அளவில் அனுமதிக்கலாம் என்று சொற்ப வாக்கு வித்தியாசத்தில் முடிவெடுத்தது. உலகெங்கும் கால்நடை மருத்துவர்களும் வீரர்களும் கொதித்தெழுந்தார்கள். முடிவு நிறுத்தி வைக்கப்பட்டு, அடுத்த ஆண்டு தைபேயில் கைவிடப்பட்டது.

கைவிட்டது சரி. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு மாத்திரை கொடுத்துச் சூட்டைத் தணித்து, பரீட்சைக்கு அனுப்பும் பெற்றோர் உண்டு. அங்கே பிள்ளைக்கு வாய் இருக்கிறது, 'முடியல' என்று சொல்ல முடியும். 50 மைல் கல்லும் முள்ளுமான பாதையில் குதிரைக்கு வலி மட்டும்தான் 'நில்' என்று சொல்லும். அதை மருந்தால் அமுக்கிவிட்டால் சின்னத் தசைநார்க் கிழிசல் பெரிய முறிவாகும்; சின்ன நீரிழப்பு சிறுநீரகக் கோளாறாகும். உடம்பு தாங்க மறுக்கும்போது மரணமும் வரும். 2018 செப்டம்பரில் அமெரிக்காவின் டிரையன் நகரில் நடந்த உலகக் குதிரையேற்றப் போட்டிகளின் என்டியூரன்ஸ் பிரிவு, வெயிலும் புழுக்கமும் தாங்காமல் பாதியிலேயே ரத்து செய்யப்பட்டது. அங்கே சிறுநீரகம் செயலிழந்த ஒரு குதிரையைக் கருணைக்கொலை செய்ய நேர்ந்தது. போட்டியின் கடுமையிலேயே உடம்பு இப்படிக் கைவிடும் என்றால், வலியை மறைத்து ஓட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பணமும் புகழும் அதிகமாகப் புழங்கும் இடத்தில் ஆசையும் அதிகம். வளைகுடா நாடுகளின் சமதளப் பாலைவனப் பாதைகளில் குதிரைகள் பறக்கும். அங்கே என்டியூரன்ஸ் என்பது நீண்ட பந்தயமாகவே ஆகிவிட்டது. 2009-ல் துபாய் ஆட்சியாளர் ஷேக் முகமதுவின் குதிரை ஒன்று தடை செய்யப்பட்ட மருந்துச் சோதனையில் சிக்க, எஃப்.இ.ஐ. அவரையே ஆறு மாதம் விலக்கி வைத்தது. 2015 மார்ச்சில் ஐக்கிய அரபு அமீரகத்தின் குதிரையேற்றக் கூட்டமைப்பையே இடைநீக்கம் செய்தது. எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் விதி விதிதான் என்று நிரூபித்த நாட்கள் அவை.

அதே அமீரகத்திலிருந்துதான் நல்ல மாற்று வழியும் வந்தது. அபுதாபி பக்கம் போதீப் கிராமத்தில் நடந்த சவாரிகளில் வேகத்துக்கு மணிக்கு 20 கிலோமீட்டர் என்று உச்சவரம்பு வைத்தார்கள். சோதனைச் சாவடியில் நாடி நிமிடத்துக்கு 56-க்குள் இறங்க வேண்டும் என்றார்கள். மற்ற இடங்களில் 64 வரை விடுவது வழக்கம். பரிசை வேகத்துக்கு அல்ல, குதிரையின் நலத்துக்குக் கட்டினார்கள். தப்பு செய்தால்தான் ஜெயிக்க முடியும் என்ற நிலைமையை மாற்றுவது, தப்பு செய்தவனைப் பிடிப்பதைவிட நல்ல விதி என்று நான் நம்புகிறேன்.

மிளகாயும் களிம்பும்

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் குதிரையேற்றப் போட்டிகள் ஹாங்காங்கில் நடந்தன. தடை தாண்டும் போட்டியில் நான்கு குதிரைகள் காப்சைசின் பொருளுக்காகப் பிடிபட்டன. காப்சைசின் என்றால் நம் வீட்டு மிளகாயின் காரம்தான். தசைவலிக்குத் தடவும் களிம்பாகவும் அது இருக்கிறது. காலில் தடவினால் எரிச்சல் தாங்காமல் குதிரை தடைக்கம்பத்தைத் தொடாமல் காலை உயர்த்தித் தாண்டும் என்பதால் ஏமாற்றுவதற்கும் உதவுகிறது. ஒரே பொருள் மருந்தும் ஆகும், கொடுமையும் ஆகும். நார்வே அணி வெண்கலப் பதக்கத்தை இழந்தது.

காட்டுப்பாதைச் சவாரிக்காரர்களின் உண்மையான தலைவலி இங்கேதான் ஆரம்பிக்கிறது. இவர்களில் பெரும்பாலோர் கொல்லைப்புறத்தில் ஒன்றிரண்டு குதிரை வளர்ப்பவர்கள். வார இறுதியில் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வருபவர்கள். ஈக்கடிக்கும் புண்ணுக்கும் ஒரு களிம்பு தடவுவார்கள். தீவனத்தில் கொக்கோ உமி கலந்திருந்தால் தியோப்ரோமின் தெரியும். வில்லோ மரத்தின் பட்டையில் சாலிசிலிக் அமிலத்தின் உறவுப் பொருட்கள் உண்டு. மூலிகைதானே என்று கடையில் வாங்கிக் கொடுக்கும் வலேரியன் வேரும், டெவில்ஸ் க்ளா கிழங்கும் தடைப் பட்டியல்களில் வரும். இவர்கள் யாரும் ஏமாற்ற நினைத்தவர்கள் அல்ல.

ஆய்வுக்கூடக் கருவிகளோ ஆண்டுக்கு ஆண்டு கூர்மையாகிக்கொண்டே போகின்றன. 2021 கென்டக்கி டெர்பியில் முதலில் வந்த மெடினா ஸ்பிரிட் குதிரையின் ரத்தத்தில் பீட்டாமெத்தசோன் ஒரு மில்லிலிட்டருக்கு 21 பிகோகிராம் இருந்தது. ஒரு பிகோகிராம் என்பது ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. தோல் நோய்க்குத் தடவிய களிம்பிலிருந்து வந்தது என்று பயிற்சியாளர் தரப்பு வாதிட்டது. எப்படி உள்ளே போனாலும் விதி ஒன்றுதான் என்று சொல்லி, 2022-ல் பட்டம் பறிக்கப்பட்டது. கோடிக்கணக்கில் பணம் புரளும் பந்தயத்தில் இந்தக் கண்டிப்புக்கு நியாயம் உண்டு. ஆனால் 'சுத்தமாக எதுவும் இருக்கக் கூடாது' என்ற விதியை அப்படியே கிராமத்துச் சங்கத்துக்குக் கொண்டு வந்தால் ஒரு விபரீதம் நடக்கிறது. விதிப்புத்தகத்தில் ஒரு எழுத்தும் மாறாமலே, யாரும் ஓட்டுப் போடாமலே, கருவி கூர்மையாக ஆக விதியும் கடுமையாகிக்கொண்டே போகிறது.

பணக்கார லாயத்துக்கு முழுநேரக் கால்நடை மருத்துவர் உண்டு. எந்த மருந்து எத்தனை நாளில் ரத்தத்திலிருந்து போகும் என்று அவருக்குத் தெரியும். எஃப்.இ.ஐ. தன் பட்டியலில் பியூட்டுக்கு ஏழு நாள் என்று கண்டறியும் காலம் வெளியிட்டிருக்கிறது. சில குதிரைகளில் மட்டும் அளந்து பார்த்துச் சொன்ன கணக்கு அது. ஒவ்வொரு குதிரைக்கும் அப்படியே பொருந்தும் என்ற உத்தரவாதம் இல்லை என்று அவர்களே எச்சரிக்கிறார்கள். அந்தக் கணக்கைப் பார்த்துப் பாதுகாப்பாக நாலு நாள் கூட்டிக்கொள்ளும் அறிவு பெரிய இடத்துக்குக் கிடைக்கிறது. உள்ளூர் ஆசிரியையோ தபால்காரரோ களிம்பு டப்பாவின் பின்புறத்தைப் படித்துவிட்டு வருகிறார். தெரிந்தே செய்தவர் தப்பித்து, தெரியாமல் செய்தவர் சிக்கினால் அந்த விதி யாருக்கு நியாயம்?

புண்ணான வயிற்றுக்கு என்ன பதில்?

கூட்டமைப்புகள் எல்லாம் ஒத்துப்போகாத இடமும் உண்டு. நீண்ட சவாரி செய்யும் குதிரைகளுக்கு இரைப்பைப் புண் சர்வசாதாரணம். 2004-ல் வெளியான கலிஃபோர்னியா ஆய்வு ஒன்று, 50 அல்லது 80 கிலோமீட்டர் ஓடி முடித்த 30 குதிரைகளின் இரைப்பைக்குள் கேமரா விட்டுப் பார்த்ததில் மூன்றில் இரண்டு பங்குக்குப் புண் இருந்தது என்று சொன்னது. குதிரையின் வயிற்றில் அமிலம் ஓயாமல் சுரக்கும். மேய்ந்துகொண்டே இருந்தால் எச்சில் அதைத் தணிக்கும். மணிக்கணக்கில் ஓட்டினால் தணிப்பது யார்?

இதில் வேதனையான ஒரு முரண் இருக்கிறது. வியர்வையில் போகும் உப்பை ஈடுகட்ட வாய்வழியே உப்புப் பசை கொடுப்பது எல்லாச் சவாரியிலும் வழக்கம், அனுமதியும் உண்டு. அந்தச் செறிவான உப்பே இரைப்பைப் புண்ணை அதிகமாக்குகிறது என்று 2005-ல் ஓர் ஆய்வு வந்தது. புண்ணை ஆற்றும் ஒமெப்ரசோலை எஃப்.இ.ஐ. அனுமதிக்கிறது. அமெரிக்கச் சங்கங்களிலோ இது நெடுங்கால வாக்குவாதம். 'மருந்து தேவைப்படும் குதிரை போட்டிக்கு வரவே கூடாது' என்ற வாதம் பலமானது; குதிரை தன் சொந்த இயல்பான திறனால் ஓட வேண்டும் என்பதே ஏ.இ.ஆர்.சி.யின் அடிப்படை நிலைப்பாடு. அதை மதிக்கிறேன். ஆனால் அந்த வாதம் ஒமெப்ரசோலில் தடுக்கி விழுகிறது என்றே நினைக்கிறேன். இந்த மருந்து நொண்டலை மறைக்காது, நாடியைக் குறைக்காது, ஈறின் நிறத்தை மாற்றாது. நாம் கொடுத்த வேலையால் வந்த புண்ணை ஆற்றுகிறது, அவ்வளவே. மருத்துவர் பார்க்க வேண்டிய எதையும் மறைக்காத மருந்தைத் தடுத்து, குதிரையை வயிற்றெரிச்சலோடு ஓட விடுவதில் சுத்தம் எங்கே இருக்கிறது?

குளம்புக்குக் காலணி

உபகரணத்திலும் இதே கேள்விதான். மருத்துவரிடமிருந்து மறைக்கிறதா, இல்லையா?

காம்பெட்டிடிவ் டிரெயிலில் இரவில் காலுக்குக் கட்டுப் போடுவதையும் காலைச் சுற்றிக் காப்புறை மாட்டுவதையும் நெடுங்காலம் விலக்கி வைத்தது மிகச் சரியான விதி. கட்டு வீக்கத்தை அழுத்தி இறக்கிவிடும். மறுநாள் காலை மருத்துவர் தடவிப் பார்க்கும்போது கால் பொய் சொல்லும். ஓடும்போது பின்குளம்பு முன்காலில் இடிக்கிறதா என்பதும் நடுவருக்குத் தெரிய வேண்டிய விஷயம். காப்புறை அதை மறைக்கும். இரவு முழுக்க எல்லாக் குதிரையையும் ஒரே மாதிரி டிரெய்லரில் கட்டி வைக்கும் பழைய மரபிலும் ஒரு நீதி இருந்தது. காசுள்ளவர் பெரிய பட்டி கட்டிக் குதிரையை நடமாட விட்டால் விறைப்பு ஏறாது. இல்லாதவர் குதிரை விறைத்து நிற்கும். வெளியாட்கள் உதவக் கூடாது என்பதும் அப்படியே. வழி நெடுக வண்டியில் துரத்தி வந்து தண்ணீர் ஊற்ற ஆள் வைத்துக்கொள்ள எல்லாராலும் முடியுமா?

ஆனால் குளம்புக் காலணி விஷயத்தில் அந்த நியாய உணர்வு வெகு நாள் தடுமாறியது. லாடம் அடிப்பதற்குப் பதிலாகக் குளம்பில் மாட்டும் ரப்பர், பிளாஸ்டிக் காலணிகள் 1970-களிலிருந்து அமெரிக்கச் சந்தையில் இருக்கின்றன. பாறைப் பாதையில் அடிக்குளம்பு கன்றிப்போகாமல் காக்கும். பசை போட்டு ஒட்டிய இந்தக் காலணியோடு டெவிஸ் கோப்பையையே வென்ற குதிரைகள் உண்டு. அப்படியிருக்க, கணுக்காலைச் சுற்றும் வாருள்ள காலணி 'காலுக்குக் காப்பு' என்ற வகையில் சேர்க்கப்பட்டு என்.ஏ.டி.ஆர்.சி. சவாரிகளில் வெகுகாலம் சிக்கலில் கிடந்தது. பிறகே அனுமதி வந்தது. ஆணி அடித்த இரும்பு லாடத்துக்கும், அதன் அடியில் வைக்கும் தோல் மெத்தைக்கும் தடை இருந்ததே இல்லை. இரும்பு காத்தால் சரி, ரப்பர் காத்தால் தப்பு என்பதற்கு யாரும் நல்ல காரணம் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. காலணியைக் கழற்றச் சொன்னால் கழற்றலாம். கால் அப்படியே மருத்துவர் முன்னே இருக்கும். லாடத்தைக் கழற்றிப் பார்ப்பார் யார்?

சாட்டையும் குதிமுள்ளும் எஃப்.இ.ஐ. என்டியூரன்ஸில் கிடையாது. நரம்பை வெட்டிக் காலை மரத்துப்போகச் செய்த குதிரைக்கும் அனுமதி இல்லை. இந்த இரண்டிலும் எனக்குத் துளி மாற்றுக் கருத்தும் இல்லை.

நமக்கு இதில் என்ன?

2023-ல் கேரளத்தின் மலப்புரத்தைச் சேர்ந்த நிதா அஞ்சும் பிரான்ஸில் இளையோர் உலக என்டியூரன்ஸ் போட்டியில் 120 கிலோமீட்டரை முடித்தார். இந்தியர் ஒருவர் அதை முடித்தது அதுவே முதல்முறை. இந்த விளையாட்டு நமக்கும் பக்கத்தில் வந்துவிட்டது. நம் நாட்டில் குதிரைக்கு மருந்து ஊட்டுவதும், களிம்பு தடவுவதும், காலைக் கழுவுவதும் சவாரி செய்பவர் அல்ல, லாயத்தில் வேலை செய்யும் குதிரைக்காரர். விதிப்புத்தகமோ ஆங்கிலத்தில் இருக்கிறது. சோதனையில் சிக்கினால் பெயர் போவது வேறொருவருக்கு, வேலை போவது இவருக்கு.

அமெரிக்காவின் சின்னச் சங்கங்களானாலும், இனிமேல் இங்கே போட்டி நடத்தப்போகிறவர்களானாலும் மூன்று வேலை செய்யட்டும். தடைப் பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே, அது எதை மறைக்கிறது என்று ஒரு வரி எழுதட்டும். எழுத முடியாத பொருளைப் பட்டியலிலிருந்து எடுக்கட்டும். களிம்பு, தீவனம் போன்றவற்றால் வரும் நுண்ணிய அளவுகளுக்குக் கீழ்வரம்பு வைக்கட்டும். பியூட் மாதிரியான வலிநிவாரணிகளுக்கு வைக்கவே வேண்டாம். அந்தப் பட்டியலைக் குதிரையோடு லாயத்தில் படுத்துறங்குகிறவர் படிக்கும் மொழியில் அச்சடித்து, லாயக் கதவிலேயே ஒட்டட்டும்.